அன்னபூர்ணா பேஸ் கேம்ப்: ஐந்து நாள் பேக்கேஜ் எங்களுக்குச் சரிப்படுமா?

அமராவதிக்கரை:

எல்லோருக்கும் வணக்கம். நான் கரூரில் பள்ளி ஆசிரியை, வயது 47. வீட்டுக்காரருக்கு 51, ஏற்றுமதி கம்பெனியில் வேலை. இமயமலையை ஒரு தடவையாவது நடந்து பார்த்துவிட வேண்டும் என்று இருவருக்கும் ரொம்ப நாள் ஆசை. அவருக்குக் கொஞ்சம் பிரஷர் உண்டு, தினமும் ஒரு மாத்திரை. எனக்கு இடது முழங்கால் படி இறங்கும்போது மட்டும் முனகும்.

ஏப்ரல் கடைசியில் பரீட்சை வேலையெல்லாம் முடிந்துவிடும். எனக்கு லீவு பிரச்சனை இல்லை. அவருக்குத்தான் இரண்டு ஞாயிறையும் சேர்த்து ஒன்பது நாளுக்கு மேல் கிடைக்காது என்கிறார். முதலில் எவரெஸ்ட் பேஸ் கேம்ப் என்றுதான் பேச்சை ஆரம்பித்தோம். நடைக்கு மட்டுமே பன்னிரண்டு நாள் என்று கேள்விப்பட்டதும் அன்னபூர்ணாவுக்கு வந்து நிற்கிறோம்.

ஒரு டூர்க்காரர் வாட்ஸ்அப்பில் அட்டவணை அனுப்பியிருக்கிறார். நேபாளத்தில் போக்ரா என்ற ஊரில் கிளம்பி போக்ராவுக்குத் திரும்ப 5 நாள், கைடு, ரூம், மூன்று வேளைச் சாப்பாடு எல்லாம் சேர்த்து. அதில் மூன்றாம் நாள் சாயங்காலமே பேஸ் கேம்ப் என்று போட்டிருக்கிறது. "எல்லாரும் போறாங்க மேடம், ஈஸிதான்" என்கிறார். போய் வந்தவர்கள் சொல்லுங்கள். சரிப்படுமா? பாஸ்போர்ட் வேண்டுமா? நாங்கள் சுத்த சைவம், சாப்பாடு எப்படி?

படியேறி:

அம்மா, அந்த அட்டவணையை அப்படியே ஒத்துக்கொள்ளாதீர்கள். இடம் சரியான தேர்வு. நாள்தான் போதாது.

போக்ரா ஏறக்குறைய 820 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. பேஸ் கேம்ப் 4130. ஐந்து நாள் கணக்கில் முதல் ராத்திரி சினுவா (2360), இரண்டாம் ராத்திரி தேவுராலி (3230), மூன்றாம் ராத்திரி பேஸ் கேம்ப் என்றுதான் வரும். கடைசி இரண்டு ராத்திரிக்கு நடுவில் 900 மீட்டர் வித்தியாசம். 3000 மீட்டருக்கு மேல் போய்விட்டால், படுக்கும் இடத்தின் உயரம் ஒரு நாளைக்கு 500 மீட்டருக்கு மேல் கூடக்கூடாது என்பது மலை மருத்துவத்தில் பொது விதி. இருபத்தைந்து வயதுப் பையன்கள் இப்படி ஏறி, தலைவலியோடு ஒரு செல்ஃபி எடுத்துவிட்டு இறங்கிவிடுகிறார்கள், உண்மைதான். உங்கள் இருவருக்கும் அது வேண்டாம். தெற்கில் பழகிவிட்டுப் போகலாம் என்றாலும் ஆனைமுடியே 2695 மீட்டர்தான். நம் மலைகளில் காலைப் பழக்கலாம், மூச்சைப் பழக்க முடியாது.

நான் சொல்லும் கணக்கு இது. முதல் நாள் போக்ராவிலிருந்து ஜீப்பில் ஜினு பக்கம் வரை. அங்கிருந்து நீளமான தொங்குபாலம் தாண்டி சொம்ரோங் (2170) ஏற்றம். மறுநாள் தோபான் (2600). அடுத்த நாள் தேவுராலி. நான்காம் நாள் மச்சாபுச்ரே பேஸ் கேம்ப் (3700) வரை மட்டும் நடந்து, மத்தியானமே பையை இறக்கிவிட்டு சும்மா உட்காருங்கள். ஐந்தாம் நாள் விடிவதற்கு முன் ஹெட்லைட் கட்டிக்கொண்டு கிளம்பினால் இரண்டு மணி நேரத்தில் அன்னபூர்ணா பேஸ் கேம்ப். சூரியன் ஏறும்வரை பார்த்துவிட்டு அன்றே பேம்பூ (2310) வரை இறங்கிவிடலாம். ஆறாம் நாள் ஜினு, வெந்நீர் ஊற்றில் காலை ஊறப் போடலாம். ஏழாம் நாள் போக்ரா. இதில் 4130-ல் படுக்க வேண்டிய தேவையே இல்லை.

காட்மாண்டு வந்து போவதையும் சேர்த்தால் பத்து நாள், மழைக்கும் விமானத் தாமதத்துக்கும் ஒரு நாள், ஆக பதினொன்று. ஐயாவை ஆபீசில் இன்னும் இரண்டு நாள் கேட்கச் சொல்லுங்கள். கிடைக்கவே இல்லையென்றால் ஹிமாலயா என்ற ஊர் (2920) வரை போய்த் திரும்பும் நடையாக வைத்துக்கொள்ளுங்கள். பேஸ் கேம்ப் என்ற பெயருக்காக நாளைக் குறுக்காதீர்கள்.

அப்புறம் படி. இதை எந்தப் பேக்கேஜ் விளம்பரத்திலும் பார்க்க முடியாது. சொம்ரோங் ஊர் முழுக்கவே கல் படிதான். ஊரைத் தாண்டியதும் ஆற்றுக்குக் கிடுகிடுவென்று இறக்கம், பாலம், உடனே சினுவாவுக்கு அதே அளவு ஏற்றம். திரும்பி வரும்போது களைத்த காலோடு அந்த இறக்கத்தையும் ஏற்றத்தையும் மறுபடி பார்க்க வேண்டும். பேஸ் கேம்ப் வரை முகம் சுளிக்காதவர்கள் சொம்ரோங் படியில் திட்டித் தீர்ப்பதைக் கேட்டிருக்கிறேன். உங்கள் முழங்காலுக்கு இரண்டு கைத்தடி கட்டாயம், ஒன்று போதாது. உங்கள் மாவட்டத்திலேயே ஐயர்மலை இருக்கிறதே, 1017 படி. இப்போதிருந்தே வாரம் ஒருமுறை, முதுகில் ஐந்து கிலோ பையோடு ஏறி இறங்குங்கள். ஏறுவதைவிட இறங்கும்போது கால் என்ன சொல்கிறது என்று கவனியுங்கள்.

போர்ட்டர் வைத்துக்கொள்ளுங்கள். இதில் கஞ்சத்தனம் வேண்டாம். இருவருக்கும் சேர்த்து ஒருவர், ஆளுக்குப் பத்து கிலோவுக்கு மேல் போகாதபடி பை. அவருக்கு இன்ஷூரன்ஸ், குளிருடை, படுக்க இடம் யார் தருகிறார்கள் என்று டூர்க்காரரிடம் நேராகக் கேளுங்கள். மழுப்பினால் வேறு ஆள் பாருங்கள்.

சாப்பாட்டுக் கவலை வேண்டாம். தால் பாத் எங்கும் கிடைக்கும், சோறும் பருப்பும் கேட்கக் கேட்கப் போடுவார்கள். சினுவாவுக்கு மேலே அசைவத்தை எடுத்துப் போவதே இல்லை, அந்தப் பள்ளத்தாக்கு குருங் மக்களுக்குப் புனிதமான இடம். சைவக்காரர்களுக்கு இதைவிட நிம்மதி வேறென்ன!

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். மச்சாபுச்ரே பேஸ் கேம்ப் என்பது பெயருக்குத்தான். 6993 மீட்டர் உயரமுள்ள அந்தச் சிகரத்தில் ஏற அனுமதி கிடையாது. 1957-ல் ஒரு பிரிட்டிஷ் குழு உச்சிக்குச் சுமார் 50 மீட்டர் கீழே வரை போய்த் திரும்பியது. மேலே அன்னபூர்ணா பேஸ் கேம்ப்பில் நின்றால் எதிரே தெரியும் சுவர்தான் 1970-ல் கிறிஸ் பானிங்டன் குழு ஏறிய தெற்கு முகம். 1950-ல் பிரெஞ்சுக்காரர்கள் முதன்முதலில் 8091 மீட்டர் உச்சியைத் தொட்டது வடக்குப் பக்கமிருந்து. போகுமுன் ஐயாவிடம் இதையெல்லாம் சொல்லிவையுங்கள், நிற்கும்போது சுவாரசியம் கூடும்.

மருந்துச்சீட்டு:

படியேறி சொன்ன ஏழு நாள் கணக்கை வழிமொழிகிறேன். நான் டாக்டர், ஆனால் உங்கள் டாக்டர் இல்லை. அதனால் இதைப் பிரிண்ட் எடுத்து அவரிடம் காட்டுங்கள்.

பிரஷர் கட்டுக்குள் இருந்தால் போகலாம். மாத்திரையை நிறுத்தக்கூடாது. அது சிறுநீரை அதிகமாக்கும் வகையா என்று மட்டும் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். ஏனென்றால் உயரத்துக்காகக் கொடுக்கும் டயமாக்ஸும் அதே வேலையைச் செய்யும். தடுப்புக்கு வழக்கமான அளவு 125 மில்லிகிராம், காலை ஒன்று, இரவு ஒன்று, ஏற்றத்துக்கு முந்தைய நாளிலிருந்து. சல்ஃபா அலர்ஜி இருந்தால் கண்டிப்பாக முன்கூட்டியே சொல்ல வேண்டும். விரல் நுனியில் எறும்பு ஊர்வது போல இருக்கும், சோடா குடித்தால் ருசி கெட்டுத் தெரியும். இரண்டுக்கும் பயப்பட வேண்டாம்.

பயப்பட வேண்டியது வேறு. தலைவலியோடு குமட்டலும் சோர்வும் சேர்ந்தால் அன்றைக்கு ஓர் அடி மேலே போகக்கூடாது. சும்மா உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்கினாலோ, நேர்கோட்டில் நடக்கச் சொன்னால் தள்ளாடினாலோ, நடுராத்திரியானாலும் கைடோடு கீழே இறங்க வேண்டும். மாத்திரை போட்டுக்கொண்டு விடியட்டும் என்று காத்திருப்பதுதான் ஆளைக் கொல்கிறது. கணவன் மனைவியாகப் போகிறவர்களிடம் எனக்கு ஒரு பயம் உண்டு. ஒருவருக்காக மற்றவர் அடக்கிக்கொண்டு சொல்லாமல் விட்டுவிடுவார்கள். தினமும் ராத்திரி சாப்பிடும்போது தலைவலி இருக்கிறதா என்று ஒருவரையொருவர் வாய்விட்டுக் கேளுங்கள்.

லாலிகுராஸ்:

பேப்பர் விஷயத்தை நான் சொல்கிறேன். இந்தியர்களுக்கு விசா வேண்டாம். விமானத்தில் போனால் பாஸ்போர்ட் அல்லது வாக்காளர் அட்டை, இரண்டில் ஒன்று. உங்கள் வயதுக்கு ஆதாரை ஏற்க மாட்டார்கள், அதை மட்டும் நம்பிப் போய் ஏர்போர்ட்டில் நிற்காதீர்கள்.

அன்னபூர்ணா பாதுகாப்புப் பகுதிக்கு நுழைவு அனுமதி எடுக்க வேண்டும். வெளிநாட்டவருக்கு 3000 நேபாள ரூபாய், சார்க் நாட்டவரான நமக்கு 1000. நம் ஒரு ரூபாய்க்கு அவர்களுடையது 1.60 என்பது நிலையான விகிதம், ஆக நம் பணத்தில் 625. உங்கள் பேக்கேஜில் எந்தக் கணக்கில் போட்டிருக்கிறார் என்று பாருங்கள். 2023 ஏப்ரலிலிருந்து வெளிநாட்டு மலைநடையாளர்கள் கைடு வைத்துக்கொள்ள வேண்டும் என்று நேபாள சுற்றுலா வாரியம் விதி போட்டிருக்கிறது. அதனால் கைடு என்பது டூர்க்காரர் செய்யும் சலுகை இல்லை. லைசென்ஸ் உள்ள கைடா என்பதுதான் கேள்வி.

காட்மாண்டுவிலிருந்து போக்ராவுக்கு 200 கிலோமீட்டர், பஸ்ஸில் ஒரு பகல் முழுக்கப் போய்விடும். விமானத்தில் அரை மணி நேரம்கூட ஆகாது. லீவு இறுக்கமாக இருப்பவர்கள் பணத்தை இங்கே செலவழிக்கலாம். ஆனால் காட்மாண்டுவில் இறங்கிய அன்றே கனெக்‌ஷன் போடாதீர்கள், மேகம் மூடினால் எல்லாம் தள்ளிப்போகும்.

ஏப்ரல் கடைசி பற்றி ஒரு வார்த்தை. காலை பளிச்சென்று இருக்கும், மத்தியானத்துக்கு மேல் மேகம் கூடி மழையோ ஆலங்கட்டியோ கொட்டலாம். ஆறு மணிக்கே நடக்க ஆரம்பித்து ஒரு மணிக்குள் ரூமுக்குள் போய்விட வேண்டும். தேவுராலியைச் சுற்றியுள்ள பகுதியில் ஹியுன்சுலி சிகரத்தின் பக்கமிருந்து பனிச்சரிவு வரும் ஓடைகள் உண்டு. நடக்கும் பாதையிலிருந்து மேலே இருக்கும் பனி கண்ணுக்கே தெரியாது. 2020 ஜனவரியில் தென் கொரியர்கள் நான்கு பேரும் நேபாளிகள் மூன்று பேரும் தேவுராலிக்கு அருகேதான் பனிச்சரிவில் சிக்கி இறந்தார்கள். புதுப்பனி விழுந்திருந்தால் கைடு காத்திருக்கச் சொல்வார், அல்லது ஆற்றைத் தாண்டி எதிர்க்கரை வழியாகக் கூட்டிப்போவார். அவரோடு வாதாடாதீர்கள்.

அமராவதிக்கரை:

எல்லோருக்கும் ரொம்ப நன்றி. அவர் ஆபீசில் கேட்டு, முனகிக்கொண்டே பதினொரு நாள் கொடுத்துவிட்டார்கள். டூர்க்காரரிடம் ஏழு நாள் அட்டவணையைச் சொன்னேன். "அப்படி யாரும் கேட்கிறதில்லையே மேடம்" என்று இழுத்தார், அப்புறம் சரி என்றார். போர்ட்டர் இன்ஷூரன்ஸ் காகிதத்தை அனுப்பச் சொல்லியிருக்கிறேன், இன்னும் வரவில்லை. வந்தால்தான் அட்வான்ஸ்.

பெண்கள் யாராவது போயிருந்தால் ஒன்று கேட்க வேண்டும். பாத்ரூம் எப்படி? குளிக்க முடியுமா?

வெந்நீர்ப்பை:

போயிருக்கிறேன் அக்கா. சொம்ரோங் வரை ஓரளவு நல்ல ரூம், சில இடத்தில் ரூமோடு சேர்ந்த பாத்ரூமே உண்டு. அதற்கு மேலே எல்லோருக்கும் பொதுவான கழிப்பறை, பெரும்பாலும் நம்மூர் மாதிரி உட்காரும் வகை. ஒரு நீல டிரம்மில் தண்ணீர், அதில் ஒரு மக். மச்சாபுச்ரே பேஸ் கேம்ப்பில் காலையில் நான் போனபோது தண்ணீர் மேலே கண்ணாடி மாதிரி பனி உறைந்து மக் அதிலேயே ஒட்டிக்கொண்டிருந்தது. முஷ்டியால் தட்டி உடைத்து எடுக்க வேண்டியதாயிற்று. வாசல் படியெல்லாம் வழுக்கும். ராத்திரி எழுந்தால் தலைவிளக்கு இல்லாமல் கதவைத் திறக்காதீர்கள். டிஷ்யூ எங்கும் வைத்திருக்க மாட்டார்கள், நீங்களே கொண்டுபோக வேண்டும்.

வெந்நீர்க் குளியலுக்குத் தனிக் காசு, போன் சார்ஜுக்கும் தனிக் காசு, மேலே போகப் போக எல்லாம் விலை ஏறும். தோபானுக்கு மேலே நான் குளிக்கவே இல்லை. உடம்பு சூடு இறங்கினால் திரும்ப ஏற்றுவது பெரும்பாடு. ஈரத் துடைப்பான் போதும். ராத்திரி கிச்சனில் வெந்நீர் வாங்கி ஸ்டீல் பாட்டிலில் ஊற்றி, சாக்ஸுக்குள் நுழைத்து ரஜாயில் கால் பக்கம் வைத்துக்கொள்ளுங்கள். காலையில் அதையே குடிக்கலாம். பிளாஸ்டிக் பாட்டில் தண்ணீரை நம்பிப் போகாதீர்கள், சொம்ரோங்குக்கு மேலே அதற்குத் தடை.

தேதி வருகிற மாதிரி இருந்தால் நாப்கின் முழுக்க இங்கிருந்தே கொண்டுபோங்கள். பயன்படுத்தியதை ஜிப் கவரில் போட்டு போக்ரா வரை திருப்பி எடுத்து வர வேண்டும், அங்கே போட இடமில்லை. டயமாக்ஸ் போடுகிறவர்கள் ராத்திரி இரண்டு மூன்று தடவை எழ வேண்டியிருக்கும், கழிப்பறைக்குப் பக்கத்து ரூமாகக் கேட்டு வாங்கச் சொல்லி கைடிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். சீசனில் அதுவும் கிடைக்காமல் டைனிங் ஹால் பெஞ்சில் படுத்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

படியேறி:

காகிதம் வராமல் அட்வான்ஸ் இல்லை என்றீர்கள் பாருங்கள், அது சரி. அதோடு உங்கள் இருவர் இன்ஷூரன்ஸும் 4130 மீட்டரைத் தாண்டிய உயரத்துக்குச் செல்லுமா, ஹெலிகாப்டர் மீட்பு அதில் உண்டா என்று பாலிசியில் எழுத்தாகவே பாருங்கள். பல சாதாரண பயண பாலிசிகள் 3000-க்கு மேல் மலைநடையை ஒதுக்கிவிடும்.

ஷூவை இந்த மாதமே வாங்கிவிடுங்கள், அரை சைஸ் பெரிதாக. இறக்கத்தில் கட்டைவிரல் முட்டக்கூடாது. ஐயர்மலைக்கு அதைப் போட்டுக்கொண்டே போங்கள், அடிவாரத்திலேயே கழற்றிப் பையில் வைத்துக்கொள்ளச் சொல்வார்கள் என்றால் வீட்டு மொட்டைமாடிப் படி இருக்கவே இருக்கிறது.