அசிட்யுவஸ் என்றால் உழைப்பாளிதானா? ஒரு வாக்கியத்தில் பொருந்தவில்லை

கேள்வி:
வங்கித் தேர்வுக்குப் படிக்கிறேன். அசிட்யுவஸ் (assiduous) என்ற ஆங்கிலச் சொல்லுக்கு 'கடும் உழைப்புள்ள' என்று குறித்து வைத்திருக்கிறேன். 'அன் அசிட்யுவஸ் ஸ்டூடன்ட்' என்றால் புரிகிறது. ஆனால் பயிற்சித்தாளில் 'தி மினிஸ்டர் அசிட்யுவஸ்லி அவாய்டட் தி கொஸ்டின்' என்று வந்திருக்கிறது. பதில் சொல்லாமல் நழுவுவதில் என்ன உழைப்பு? அச்சுப்பிழையா?

பதில் 1:
பிழையில்லை, நல்ல வாக்கியம். இந்தச் சொல்லில் வியர்வையைவிட விடாத கவனம்தான் முக்கியம். பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பதைக் குறிக்கும் லத்தீன் வினையிலிருந்து வந்தது. நோயாளியின் கட்டிலை விட்டு நகராமல், மருந்து வேளை தவறாமல் பார்த்துக்கொள்கிறவரை நினைத்துக்கொள்ளுங்கள். அந்த விடாத கவனம் நல்ல காரியத்துக்கும் இருக்கலாம், நழுவுவதற்கும் இருக்கலாம். நிருபர்கள் எப்படிச் சுற்றி வளைத்துக் கேட்டாலும் அமைச்சர் மெனக்கெட்டுத் தவிர்த்தார் என்பதுதான் பொருள். ஏதோ ஒரு தடவை பேச்சை மாற்றியிருந்தால் இந்தச் சொல் வராது.

பதில் 2:
தேர்வுக்கு இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பின்னால் 'இன்' வரும்: 'ஷீ வாஸ் அசிட்யுவஸ் இன் கலெக்டிங் எவிடன்ஸ்'. அங்கே 'டு கலெக்ட்' வராது. எழுத்துக்கூட்டலில் 'ஏ'க்குப் பிறகு இரண்டு 'எஸ்'. அழுத்தம் 'சி'யில். அமெரிக்கர்கள் அசிஜுவஸ் என்பார்கள். ஒத்த சொல் கேட்டால் டிலிஜென்ட், செடுலஸ். எதிர்ச்சொல் நெக்லிஜென்ட்.

கேட்டவர்:
இப்போது தெளிவாகிவிட்டது, இருவருக்கும் நன்றி. அப்படியானால் 'தி பம்ப் வொர்க்ட் அசிட்யுவஸ்லி ஆல் நைட்' என்று எழுதலாமா? அதுவும் விடாமல்தானே ஓடியது?

பதில் 1:
வேண்டாம். மோட்டார் ஓடும், ஆனால் அதற்குக் கவனம் ஏது? அங்கே 'கன்டின்யுவஸ்லி' போதும். எறும்பு, தேனீ என்றால் 'இண்டஸ்ட்ரியஸ்' என்பதுதான் வழக்கம். அதையும் 'இண்டஸ்ட்ரியல்' என்பதையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பழகுங்கள். முன்னது சுறுசுறுப்பாக உழைப்பதைக் குறிக்கும், பின்னது தொழில்துறை சார்ந்தது. கோடிட்ட இடம் நிரப்பச் சொல்லும்போது இரண்டையும் விடைகளாகக் கொடுத்துக் குழப்புவார்கள்.

கேட்டவர்:
சரி, கடைசியாக ஒன்று. வேலை விண்ணப்பத்தில் 'ஐ ஆம் அசிட்யுவஸ்' என்று போடலாமா?

பதில் 2:
இலக்கணப்படி சரி. ஆனால் அது புத்தக நடைச் சொல், தன்னைப் பற்றியே சொல்லும்போது பகட்டாகத் தெரியும். பிறரைப் பற்றி எழுதும் பரிந்துரைக் கடிதத்தில் அழகாக இருக்கும். உங்கள் விண்ணப்பத்தில் 'டிலிஜென்ட்' என்று போட்டு, அடுத்த வரியிலேயே நீங்கள் முடித்துக் கொடுத்த ஒரு வேலையைச் சொல்லுங்கள்.