ஆசை குறைந்தால் அது நோயா? டாக்டரிடம் போக வேண்டுமா?

மழைக்குருவி:
கல்யாணமாகிப் பல வருடம் ஆகிறது. கொஞ்ச காலமாக எனக்கு அந்த ஆசையே வருவதில்லை. கணவர் மேல் கோபமோ சண்டையோ கிடையாது, ஆனாலும் அவர் நெருங்கி வந்தாலே இன்றைக்கு என்ன சாக்குச் சொல்வது என்றுதான் மனசு ஓடுகிறது. எனக்கே இது கஷ்டமாக இருக்கிறது. ஒரு தோழி டாக்டரைப் பார் என்கிறாள், இன்னொருத்தி வயதானால் அப்படித்தான் என்கிறாள். எது சரி?

நேர்படப்பேசு:
டாக்டர் எதற்கு? இதை நோயாக்கியதே மருந்துக் கம்பெனிகள்தான். பெண்களின் ஆசைக்குறைவுக்கென்று வந்த ஃபிளிபான்செரின் என்ற மாத்திரையை அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ 2010லும் 2013லும் திருப்பி அனுப்பியது, அப்புறம் பெண்களுக்கு அநியாயம் என்று பெரிய பிரசாரம் நடந்து 2015ல் அனுமதி வாங்கிவிட்டார்கள். பலன் என்ன? வெற்று மாத்திரை சாப்பிட்டவர்களைவிட திருப்தியான உறவு மாதத்துக்குச் சராசரியாக ஒரு தடவைகூடக் கூடுதல் இல்லை. அதற்குத் தினமும் ராத்திரி ஒரு மாத்திரை, தலைசுற்றல், கூடவே மது குடித்தால் ரத்த அழுத்தம் இறங்கி மயக்கம் வேறு வரலாம்.

தூங்காதவன்:
மாத்திரை சுமார் என்றால் பிரச்சினையே பொய்யாகிவிடுமா? நான் ஆண். மனச்சோர்வுக்கு செர்ட்ராலின் ஆரம்பித்த பிறகு எனக்கு ஆசை சுத்தமாகப் போய்விட்டது. இந்த வகை மருந்துகளில் இது சகஜம் என்று யாரும் சொல்லவில்லை, நான் வேலைப்பளு என்று நினைத்துக்கொண்டிருந்தேன். டாக்டரிடம் சொன்னதும் மருந்தை மாற்றினார், மெதுவாகத் திரும்பி வந்தது. (நீங்களாக நிறுத்திவிடாதீர்கள், அது வேறு வம்பு.) தைராய்டு, புரோலாக்டின் என்ற ஹார்மோன், சர்க்கரை, தூக்கத்தில் மூச்சுத் தடை, குடி... எத்தனை காரணம் இருக்கிறது!

நேர்படப்பேசு:
அதைத்தான் சொல்கிறேன். எல்லா டெஸ்டும் எடுத்தால் ஏதாவது ஒரு எண் கோணலாகத்தான் இருக்கும், உடனே ஹார்மோன். ஆண் ஹார்மோனான டெஸ்டோஸ்டிரோனை வெளியிலிருந்து ஏற்றினால் விந்தணு உற்பத்தி படுத்துவிடும், குழந்தைக்கு முயல்கிறவனிடம் இதை எத்தனை பேர் சொல்கிறார்கள்? பெண்களுக்கோ, ரத்தத்தில் அந்த அளவைப் பார்த்து ஆசைக்குறைவு என்று முடிவு கட்டவே முடியாது.

தூங்காதவன்:
ஆணுக்குக் காலையில், வேறு வேறு நாளில் இரண்டு தடவை அந்த அளவைப் பார்த்துவிட்டுத்தான் ஹார்மோன் ஊசி பற்றிப் பேச வேண்டும். ஒழுங்கான டாக்டர் அப்படித்தான் செய்வார். கடையில் நேரே போய் சில்டெனாஃபில் வாங்குகிறவர்களைத் திட்டுங்கள் சார், அது விறைப்புக்கு உதவும், ஆசையைக் கொண்டுவராது.

செவிலி அக்கா:
இரண்டு பேரும் மாத்திரையிலேயே நிற்கிறீர்கள், அந்தப் பெண்ணிடம் யாரும் ஒன்றும் கேட்கவில்லை. ஆறு மாதமாவது நீடித்து, அந்த நபருக்கே மனவேதனை தந்தால்தான் இதை மருத்துவத்தில் கோளாறு என்பார்கள். துணைக்கு அதிகம் வேண்டும், இவருக்குக் குறைவாகப் போதும் என்பது மட்டும் நோயில்லை. பலருக்கு, முக்கியமாக நீண்ட நாள் உறவில், ஆசை தானாக முதலில் வராது, நெருக்கம் தொடங்கிய பிறகுதான் வரும். ரோஸ்மேரி பாசன் என்ற மருத்துவர் 2000லேயே இதை எழுதியிருக்கிறார். ஆனால் மழைக்குருவி, சாக்குத் தேடுகிறேன் என்கிறீர்களே, வலிக்கிறதா? மாதவிடாய் ஒழுங்காக வருகிறதா?

மழைக்குருவி:
தள்ளித் தள்ளி வருகிறது. வலி... ஆமாம், எரிச்சலும். வயது காரணம் என்று விட்டுவிட்டேன்.

நேர்படப்பேசு:
அப்படியானால் இது ஆசைப் பிரச்சினையே இல்லை, வலிப் பிரச்சினை. நான் சொன்னது சரிதானே.

தூங்காதவன்:
டாக்டர் எதற்கு என்று ஆரம்பித்தவர் நீங்கள்தான் சார்!

செவிலி அக்கா:
வலிக்கும் என்று தெரிந்த ஒன்றை உடம்பு எப்படி விரும்பும்? மாதவிடாய் நிற்கப்போகும் வயதில் ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோன் குறைந்தால் அந்த இடம் வறண்டு மெலியும், பால் கொடுக்கும் காலத்திலும் இப்படி ஆவதுண்டு. வழுவழுப்பு ஜெல் இருக்கிறது, பெண்ணுறுப்பில் வைக்கும் குறைந்த அளவு ஈஸ்ட்ரோஜன் கிரீம் இருக்கிறது. கிரீமை மட்டும் டாக்டரிடம் கேட்டு வாங்குங்கள். முன்பு மார்பகப் புற்றுநோய் இருந்திருந்தால் அதைக் கட்டாயம் சொல்லுங்கள். அதுவரை கணவரிடம் பேசி, உடலுறவு வரை போக வேண்டும் என்ற கட்டாயம் இல்லாமல் தொடுவதோடு நிறுத்திக்கொள்ளலாம்.

மழைக்குருவி:
டாக்டரிடம் எப்படி ஆரம்பிப்பது? வெட்கமாக இருக்கிறது.

செவிலி அக்கா:
"உறவின்போது வலிக்கிறது" என்று மட்டும் சொல்லுங்கள், மிச்சத்தை அவர் கேட்பார். கேட்காவிட்டால் டாக்டரை மாற்றுங்கள். சாப்பிடும் எல்லா மாத்திரையின் பெயரையும் எழுதிக்கொண்டு போங்கள், பிரஷர் மாத்திரை, கருத்தடை மாத்திரை உட்பட.