ஈசினோபில் 38%: திருகோணமலையில் மலக் கல்ச்சர் எங்கே செய்யலாம்?

மூதூர்ப் பக்கம் வயல்வேலை செய்யும் ஒருவரின் எஃப்பிசி (முழு இரத்த அணு எண்ணிக்கை): வெள்ளணு மைக்ரோலீற்றருக்கு 14,200, அதில் ஈசினோபில் என்ற வெள்ளணு வகை 38%. சதவீதத்தை விடுங்க, ஈசினோபிலின் மொத்த எண்ணிக்கைதான் முக்கியம்: மைக்ரோலீற்றருக்கு ஏறக்குறைய 5,400. வழமையாக 500க்குள் நிற்கும்.

இரவில் இருமலும் இழுப்பும் என்பதால் பிரெட்னிசொலோன் என்ற ஸ்டீரொயிட் மருந்து தொடங்கப் பேச்சு. அதற்கு முன் ஸ்ட்ரொங்கிலொய்டிஸ் என்ற குடற்புழு இருக்கா என்று பார்த்தே ஆகவேணும். இருந்தால் ஸ்டீரொயிட்டோடு பெருகி உடம்பெங்கும் பரவும், உயிருக்கே ஆபத்தாகலாம். ஒரு தடவை மலம் பார்த்து ‘இல்லை’ என்பது போதாது, புழுவின் குடம்பிகள் (இளம் புழுக்கள்) விட்டுவிட்டுத்தான் வெளியேறும். வெவ்வேறு நாளில் 3 மாதிரி, குளிர்சாதனப் பெட்டியில் வைக்காமல், புதிதாகவே அகார் கல்ச்சருக்குப் (அகார் தட்டில் மலத்தை வைத்துப் புழு வளருதா என்று பார்க்கும் சோதனை) போகவேணும்.

நகரில் எந்த ஆய்வுகூடம் இதை ஏற்கும்? இல்லையென்றால் இரத்தத்தில் அன்டிபொடி பார்க்க கொழும்புக்கு அனுப்பித் தருபவர்கள் யார்? பைலேரியா (யானைக்கால் நோய்ப் புழு) அன்டிபொடியும் வேணும், அந்தப் புழுவாலும் இப்படி இரவு இருமல் வரலாம். இந்த வகை இருமலில் இரவு இரத்தப் பூச்சு பெரும்பாலும் வெறுமையாகவே வரும். ஈசினோபில் இவ்வளவு கூடினால் இதயமும் பாதிக்கப்படலாம் என்பதால் ஈசிஜி, ட்ரொபோனின் (இதயத்தசைப் பாதிப்பைக் காட்டும் இரத்தச் சோதனை) எடுத்தாச்சு.