டிகாஷன் இறங்காத வீட்டில் ஆரம்பித்த வியாபாரம்

"எழுதிப் போடுவதை வைத்துப் பிழைப்பு நடத்த முடியுமா? அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்" என்று போன வாரம் இங்கே ஒருவர் கேட்டிருந்தார். முடியும். ஆனால் நான் போட்ட கணக்கு ஒன்று, நடந்தது வேறு. கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

எங்களுக்கு ஏற்காட்டில் மூன்று ஏக்கர் காப்பி. எஸ்டேட் என்று சொன்னால் ஊரில் சிரிப்பார்கள். தாத்தா வைத்த சில்வர் ஓக் மரங்கள், அதில் ஏறிய மிளகுக் கொடி, நிழலில் அராபிகா. அவ்வளவுதான். 1820களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் இந்த மலைக்குக் காப்பியைக் கொண்டுவந்தார் என்று எந்தச் சுற்றுலாக் கையேட்டைப் பிரித்தாலும் இருக்கும். அந்தச் செடியை வைத்துக்கொண்டு ஒரு சின்ன விவசாயி டிசம்பர் மாதம் என்ன பாடுபடுகிறான் என்பது எதிலும் இருக்காது. களத்தில் காய்கிற பார்ச்மென்டை (பழத்தோல் நீக்கி, உள்தோலோடு இருக்கிற கொட்டை) நாள் முழுக்கக் கிளறிவிட்டு, சாயங்காலம் மூடுபனி இறங்குவதற்குள் தார்ப்பாய் போட்டு மூட வேண்டும். ஒரு ராத்திரி மறந்தால் போச்சு, பூசண வாடை ஏறிவிடும். 2017இல் இதைத்தான் எழுத ஆரம்பித்தேன். சனிக்கிழமை காலை ஒரு பக்கம், வாட்ஸ்அப்பில், சொந்தக்காரர்களுக்கும் கூடப் படித்தவர்களுக்கும்.

விற்கிற எண்ணமே இல்லை. அப்போது நாங்கள் பார்ச்மென்டை மூட்டையாகக் கட்டி வியாபாரிக்குப் போட்டுவிடுகிறவர்கள்.

திருப்பம் வந்தது ஒரு கணக்கால். ஏறக்குறைய ஆறு கிலோ பழம் பறித்தால்தான் ஒரு கிலோ பச்சைக் கொட்டை தேறும். அதை வறுத்தால் எடையில் 15 முதல் 20 சதவீதம் போய்விடும். ஆக ஆறு கிலோ பழத்துக்கு முக்கால் கிலோவுக்கு மேலே கொஞ்சம் பொடி. இதை எழுதின அன்றைக்கே ஒரு மாமா கேட்டார், "அப்ப அந்தக் கடைக்காரன் மட்டும் எப்புடிடா இவ்ளோ சல்லிசா குடுக்கறான்?" அடுத்த வாரம், காப்பிப் பொடியோடு கலக்கிற சல்லிசான வேர்ப்பொடியான சிக்கரியைப் பற்றி எழுதினேன். சிக்கரி கலந்தால் குற்றமில்லை, குறைந்தது 51 சதவீதம் காப்பி இருக்க வேண்டும், எவ்வளவு கலந்திருக்கிறது என்று பாக்கெட்டில் போட வேண்டும், அதுதான் சட்டம். எல்லாரும் வீட்டிலிருந்த பாக்கெட்டைத் திருப்பிப் பார்த்திருக்கிறார்கள். பாதிப் பேருக்கு அந்தச் சின்ன எழுத்து அன்றுதான் கண்ணில் பட்டது. அந்தக் குறிப்பு எங்கெங்கோ சுற்றி, முன்பின் தெரியாதவர்களெல்லாம் "எனக்கும் அனுப்புங்க" என்று கேட்டார்கள்.

இங்கே ஒன்று. வாட்ஸ்அப்பில் ஒரே செய்தியைப் பலருக்கு ஒன்றாக அனுப்புகிற பிராட்காஸ்ட் பட்டியல் ஒன்றில் 256 பேர்தான், அதுவும் நம் எண்ணைச் சேமித்து வைத்திருப்பவர்களுக்கு மட்டும்தான் போய்ச் சேரும். அப்போது அது எரிச்சலாக இருந்தது. பிறகுதான் புரிந்தது, ஒருவர் தன் போனில் நம் பேரைப் போட்டு, பக்கத்தில் 'காப்பி' என்றும் எழுதி வைத்திருக்கிறார் என்றால் அவர் பாதி வாடிக்கையாளர். அப்படி இரண்டு பட்டியல் நிறைந்தது.

2019இல் சேலத்தில் தெரிந்தவர் ஒருவருடைய மிஷினில் முப்பது கிலோ வறுத்தேன். உணவுப் பாதுகாப்புப் பதிவு எடுத்தேன். அப்போது 12 லட்சத்துக்குள் விற்பனை என்பதால் வருடத்துக்கு 100 ரூபாய், 14 இலக்க எண். அது சுலபமாக முடிந்தது. பாக்கெட்டில்தான் மானம் போனது. வறுத்து அரைத்த சூட்டோடு காற்றுப் புகாமல் ஒட்டி அனுப்பிவிட்டேன். மூன்றாம் நாள் போட்டோவாக வந்து விழுகிறது, பாக்கெட் எல்லாம் பூரி மாதிரி உப்பிக்கொண்டு. "கெட்டுப்போச்சா தம்பி?" கெடவில்லை. புதிதாக வறுத்த காப்பி கரியமில வாயுவை விட்டுக்கொண்டே இருக்கும், அதை ஆறவிட வேண்டும், இல்லாவிட்டால் காற்று வெளியேறும் வால்வு வைத்த பை வேண்டும். அடுத்த சனிக்கிழமை இதை மறைக்காமல் எழுதினேன். அந்த வாரம் ஆர்டர் கூடியது. ஏன் என்று இன்னும் சரியாகத் தெரியவில்லை.

அப்புறம்தான் அந்த போன். சேலம் ஃபேர்லண்ட்ஸ் பக்கம் ஒரு பாட்டி. "ஏங்கண்ணு, உம் பொடி வாசனையாத்தான் இருக்குது. ஆனா டிகாஷன் எறங்கவே மாட்டேங்குது. ராத்திரி ஊத்துனது காலைல வரைக்கும் மேலயே நிக்குது."

அன்று சேலத்தில் வேறு வேலையும் இருந்தது, நேரே போய்விட்டேன். பித்தளை ஃபில்டர். மேல் டப்பாவின் அடியை ஜன்னல் பக்கம் தூக்கிப் பிடித்துக் காட்டினார். நாற்பது ஐம்பது ஓட்டைகளில் வெளிச்சம் தெரிந்தது பத்தில்கூட இருக்காது. நான் அரைத்தது மாவு மாதிரி நைசு. அது ஓட்டைகளில் போய் அப்பிக்கொண்டிருக்கிறது. பாட்டி அடுப்பைப் பற்றவைத்து, அந்த டப்பாவை இடுக்கியில் பிடித்துத் தீயில் காட்டினார். அடைத்திருந்த பொடி கருகி உதிர்ந்தது. பிறகு குண்டூசியால் ஒவ்வொன்றாகக் குத்திவிட்டு, "பொடி விக்கறவன் ஃபில்டரப் பாக்க வேண்டாமா?" என்றார்.

அதிலிருந்து ஆர்டர் எடுக்கும்போது முதல் கேள்வியே, உங்க ஃபில்டர் என்ன, ஓட்டை எப்படி, எத்தனை பேருக்குப் போடுவீங்க. ஒவ்வொரு வீட்டுக்கும் தனி அரைப்பு. பாட்டியின் மகள், சம்பந்தி வீடு, மாடியில் குடியிருந்தவர்கள் என்று அந்த ஒரு வீட்டிலிருந்து மட்டும் பதினொரு குடும்பம் வந்தது.

அடுத்து நான் செய்தது முட்டாள்தனம். விற்பனை சூடு பிடித்ததும் சனிக்கிழமைக் குறிப்பு கடை விளம்பரமாகிவிட்டது. "இந்த வாரம் மட்டும்", "இரண்டு வாங்கினால்" என்றெல்லாம் எழுதினேன். ஏற்காட்டில் ஒரு தங்கும் விடுதி இரண்டு ராத்திரி இலவசமாகத் தங்க வைத்ததற்கு அதைப் புகழ்ந்தும் ஒரு பக்கம், இலவசம் என்பதைச் சொல்லாமல். என் எழுத்தை நம்பிக் குடும்பத்தோடு போன ஒருவர் திரும்பி வந்து ஒரே வரி அனுப்பினார்: "வெந்நீர்கூட வரலைங்க." என் எண்ணை அவர் அழித்துவிட்டார் போல, அதற்குப் பிறகு எந்தக் குறிப்பும் அவருக்குப் போய்ச் சேரவில்லை. அவரைப் போல எத்தனை பேரோ. அதிலிருந்து குறிப்பு தனி, விலைப்பட்டியல் தனி. விலை வேண்டும் என்று கேட்பவருக்கு மட்டும்தான் பட்டியல் போகும்.

இன்றைய நிலவரம். பொடியில் லாபம் சுமார்தான். பக்கத்துத் தோட்டத்துக்காரர்களின் கொட்டையைக் கூலிக்கு வறுத்துக் கொடுப்பதில் கொஞ்சம் வருகிறது. பறிப்புக் காலத்தில் சனி, ஞாயிறு ஆறேழு பேரைத் தோட்டத்துக்குள் கூட்டிப்போய்ப் பழம் பறிக்கவைத்துச் சாப்பாடும் போடுகிறோம். அதை வேண்டும் வேண்டும் என்று கேட்டதே குறிப்பைப் படிக்கிறவர்கள்தான். நல்ல வருமானம் எதில் தெரியுமா? என் குறிப்புகளைப் பார்த்துவிட்டு ஒரு ஜவ்வரிசிக்காரர், "எங்க சரக்கைப் பத்தியும் இந்த மாதிரி எழுதித் தாங்க" என்று வந்தார். அப்புறம் ஒரு பட்டு வேட்டிக்காரர். இப்போது மாதம் நாலைந்து பேருக்கு எழுதிக் கொடுக்கிறேன். காப்பியைவிட அதில்தான் காசு. அப்பாவிடம் மட்டும் இதைச் சொல்லவில்லை.

புதிதாக இறங்குபவர்களுக்கு ஒன்று. பெங்களூருக்கு ஒரு பாக்கெட் கேட்டார்களே என்று பில் போட்டு அனுப்பிவிடாதீர்கள். தமிழ்நாட்டுக்குள் பொருள் மட்டும் விற்றால் வருடத்துக்கு 40 லட்சம் வரை ஜிஎஸ்டி பதிவு கேட்கமாட்டார்கள். வெளி மாநிலத்துக்குப் பொருள் விற்றால் முதல் ரூபாயிலிருந்தே வேண்டும். ஆடிட்டர் என்னைத் திட்டிய திட்டு இன்னும் காதில் இருக்கிறது.

*

சேலம் செவ்வாய்ப்பேட்டை, கொலுசு வியாபாரம் செய்பவர்:

அண்ணா, எனக்கும் இதே கதை, ஆனா அடி வேற பக்கமிருந்து வந்துச்சு. கொலுசுல 'டச்'னா என்னன்னு ஒரு தடவை எழுதினேன். 80 டச்னா 100 கிராம்ல 80 கிராம் வெள்ளி, மிச்சம் செம்பு மாதிரி கலப்பு. பழசைப் போடும்போது அந்த 80க்குத்தான் காசு. இதுல ரகசியம் எதுவும் இல்லைங்க, பட்டறையில சின்னப் பையனுக்குக்கூடத் தெரியும். ஆனா வாங்கறவங்களுக்குத் தெரியாது. அது ஊரெல்லாம் சுத்தினதும் எங்க தெருப் பெரியவர் ஒருத்தர் கடைக்கே வந்து, "தொழிலை நடுத்தெருவுல கொண்டாந்து வெக்கறயாப்பா?"ன்னு கேட்டாரு. டீ வாங்கிக் குடுத்தேன், குடிக்காமப் போயிட்டாரு. மூணு மாசம் தெருவுல கடைக்காரங்க யாரும் என்கூட சரக்கு மாத்திக்கல.

ஆனா நாமக்கல்லு, தர்மபுரியிலிருந்தெல்லாம் ஆளுங்க பழைய கொலுசைத் துணியில முடிஞ்சு எடுத்துக்கிட்டு வர்றாங்க. "எழுதினது நீங்கதானே, இது எத்தனை டச்சுன்னு பாருங்க"ங்கறாங்க. புதுசு விக்கறதைவிடப் பழசு வாங்கறதுதான் இப்ப என் பொழப்பு. போன தீபாவளிக்கு அந்தப் பெரியவரோட மருமகளே ஒரு ஜோடி எடுத்துக்கிட்டு வந்துச்சு. நான் எதுவும் கேட்டுக்கல.

*

வாழப்பாடி பக்கம், மாந்தோப்பு வெச்சிருந்தவர்:

எல்லாரும் ஜெயிச்ச கதையாவே சொல்றீங்க, தோத்தவன் ஒருத்தனும் பேசட்டும். மூணு வருஷம் மல்கோவா பத்தி எழுதினேன். எப்படிப் பழுக்க வைக்கறது, கார்பைடு கல் வெச்சுப் பழுத்ததை எப்படிக் கண்டுபிடிக்கறதுன்னு விலாவாரியா. ஆகா ஓகோன்னாங்க. படிச்சுட்டு, நல்ல பழம் எதுன்னு கத்துக்கிட்டு, உழவர் சந்தையில போய் வாங்கிக்கிட்டாங்க! மாம்பழத்துக்கு வருஷத்துல மூணு நாலு மாசம்தான் சீசன். மிச்ச மாசத்துல என்னத்த எழுத, என்னத்த விக்க? காப்பிப் பொடி மாதிரி மாசாமாசம் தீர்ந்துபோற சரக்கா இருந்தா தப்பிச்சிருப்பேனோ என்னமோ. இப்ப தோப்பைக் குத்தகைக்கு விட்டாச்சு.

*

முதலில் எழுதியவர்:

வாழப்பாடி அண்ணன் சொல்வது நியாயம். நான் அதை யோசிக்கவே இல்லை. மாதாமாதம் தீருகிற சரக்கு என்பது எனக்குத் தானாக அமைந்தது, என் சாமர்த்தியம் எதுவும் இல்லை.

கொலுசு அண்ணனுக்கு: அடுத்த வாரம் செவ்வாய்ப்பேட்டை வருகிறேன். அம்மாவின் பழைய கொலுசு ஒரு ஜோடி இருக்கிறது, எத்தனை டச் என்று பார்த்துச் சொல்லுங்கள். அரைக் கிலோ பொடி கொண்டுவருகிறேன். உங்க வீட்டு ஃபில்டர் பித்தளையா, எவர்சில்வரா?