‘பொதுப்புழங்கு வடிவமைப்பு’: ஒரு சொல் முன்மொழிவும் வந்த மறுப்புகளுக்குப் பதிலும்

குழுவினர் அனைவருக்கும் வணக்கம்.

இலங்கை மலைநாட்டின் எல்ல, அப்புத்தளை, நுவரெலியா, ஹட்டன் பகுதிகளின் சிறு விடுதிக்காரர்களுக்கும் கடைக்காரர்களுக்கும் தயாராகும் தமிழ்க் கைநூலில் ஒரு அத்தியாயம் மட்டும் பெயரில்லாமல் நிற்கிறது. மாற்றுத்திறனாளிகளையும் கணக்கில் எடுத்துக் கடையையும் விடுதியையும் இணையத்தளத்தையும் அமைப்பது, அதனால் வியாபாரத்துக்கு என்ன லாபம் என்பதுதான் அத்தியாயத்தின் பொருள். ஆங்கிலத்தில் இதை ‘இன்குளூசிவ் டிசைன்’ என்கிறார்கள். இதுவரை வந்த மடல்களில் ‘உள்ளடக்கிய வடிவமைப்பு’, ‘உட்படுத்தல் வடிவமைப்பு’, ‘அரவணைக்கும் வடிவமைப்பு’ ஆகிய மூன்றுக்கும் ஆதரவு இருந்தது. எனக்கு மூன்றிலும் உடன்பாடில்லை. ‘பொதுப்புழங்கு வடிவமைப்பு’ என்று வைக்கலாம் என்பது என் முன்மொழிவு. இதை முன்பு சுருக்கமாகச் சொன்னபோது வந்த மறுப்புகளுக்கும் சேர்த்துக் காரணங்களைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது.

முதலில் பொருளைத் தெளிவாக்கிக்கொள்வோம். 2005இல் வெளியான பிஎஸ் 7000-6 என்ற பிரித்தானியத் தரநிலை இதற்கு நல்ல வரையறை தருகிறது. பொதுச் சந்தைக்கு வரும் பொருளையும் சேவையையும், தனியாக மாற்றியமைக்கத் தேவையில்லாமல், நியாயமாக இயன்றவரை அதிகம் பேர் அணுகிப் பயன்படுத்தக்கூடியதாக வடிவமைப்பது என்பது அதன் சாரம். ‘பொதுச் சந்தைக்கு வரும்’ என்பதை நாம் அழுத்தமாகப் பிடித்துக்கொள்ள வேண்டும். தனி வாசல், தனி வரிசை, தனிப் பக்கம் எல்லாம் இதில் சேராது. எல்லோரும் வருகிற அதே வாசலைத்தான் சரியாகக் கட்ட வேண்டும்.

இதற்கு மிக நெருங்கிய இன்னொரு கருத்தும் உண்டு. அமெரிக்கக் கட்டடக் கலைஞர் ரொன் மேஸ் பெயரிட்டு வளர்த்த ‘யூனிவர்சல் டிசைன்’ அது. இளம்பிள்ளை வாதத்தால் சக்கர நாற்காலியில் வாழ்ந்தவர் அவர். 1997இல் அவரும் கூட்டாளிகளும் ஏழு கொள்கைகளாக அதை வகுத்தார்கள். ஐ.நா.வின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சமவாயம் தன் 2ஆம் உறுப்புரையில் வரையறுப்பதும் அதைத்தான். அதற்கு ‘யாவர்க்குமான வடிவமைப்பு’ என்ற பெயரை ஒதுக்கிவைத்துவிட்டால் இரண்டும் குழம்பாது.

இனி, மூன்று பரிந்துரைகள்.

‘உள்ளடக்கிய’ என்பதில் எனக்குள்ள பெரிய இடைஞ்சல், இணையத்தில் ‘உள்ளடக்கம்’ ஏற்கெனவே ‘கன்டென்ட்’ என்ற பொருளில் வேறொரு வேலை பார்க்கிறது என்பதே. இணையத்தளங்களை எல்லோரும் அணுகக்கூடியதாகச் செய்ய உலகெங்கும் பின்பற்றப்படும் ‘டபிள்யூ.சி.ஏ.ஜி.’ வழிகாட்டியின், 2023 ஒக்டோபரில் வந்த 2.2 பதிப்பின் பெயரே ‘இணைய உள்ளடக்க அணுகல் வழிகாட்டி’ என்றுதான் தமிழில் வரும். அப்படியானால், ‘உள்ளடக்கிய வடிவமைப்புக்கு உள்ளடக்க அணுகல் வழிகாட்டியைப் பின்பற்றுங்கள்’ என்று எழுத வேண்டிவரும். இதை வாசிக்கிற விடுதிக்காரர் அடுத்த பக்கத்துக்குப் போய்விடுவார். வேறொரு சங்கடமும் இருக்கிறது. உள்ளே இருக்கும் ஒருவர் வெளியே நிற்கும் இன்னொருவரைப் பெருமனத்தோடு உள்ளே எடுக்கிற பாவனை அந்தச் சொல்லில் இருக்கிறது. வாடிக்கையாளரை யாரும் ‘உள்ளடக்குவது’ இல்லை. காசு கொண்டு வருகிறவரை ‘வாங்க’ என்றுதான் கூப்பிடுகிறோம்.

> ‘உட்படுத்தல் கல்வி’ என்று நம் நாட்டுக் கல்வித்துறையில் நிலைத்துவிட்டது. அதையொட்டிப் போவதுதானே முறை?

இப்படி எழுதிய கண்டி ஐயாவின் கருத்தை மதிக்கிறேன். ஆசிரியர்களுக்கான நூலென்றால் நானும் அதையே எடுப்பேன். ஆனால் செய்தித்தாளில் ‘உட்படுத்து’ எங்கே வருகிறது என்று பாருங்கள், ஐயா: விசாரணைக்கு உட்படுத்தினார்கள், பரிசோதனைக்கு உட்படுத்தினார்கள். ஆளுடைய விருப்பம் கேட்காமல் அவர்மேல் நடத்தப்படுகிற காரியமாகவே காதில் விழுகிறது. ‘அரவணைப்பு’ அன்பான சொல், மறுக்கவில்லை. ஆனால் அது முதியோர் இல்லத்துக்கும் அனாதை இல்லத்துக்கும் பழகிப்போன சொல். இந்த அத்தியாயம் உடைக்கப் பார்ப்பது அந்த எண்ணத்தைத்தான். சலுகை, நலன்புரி, புண்ணியம் என்ற வாசனை ஒட்டிய எந்தச் சொல்லும் இங்கே வேண்டாம்.

ஏன் இவ்வளவு கண்டிப்பு என்று கேட்பீர்கள். பண்டாரவளைப் பக்கம் விடுதிகளுக்கு இணையத்தளம் செய்து கொடுப்பது என் தொழில். ஒரு விடுதியின் முன்பதிவுப் பக்கத்தில் திகதி தெரிவுசெய்யும் நாட்காட்டி சுட்டியால் சொடுக்கினால் மட்டுமே வேலை செய்தது. விசைப்பலகையால் அதைத் தொடவே முடியாது. பார்வையற்ற ஒருவர், திரையில் உள்ளதை உரக்க வாசிக்கும் திரைவாசிப்பான் என்ற மென்பொருளின் துணையோடு, விசைப்பலகையை வைத்தே குடும்பத்துக்கு அறை எடுக்க முயன்றிருக்கிறார். பெயரை நிரப்பினார், தொலைபேசி எண்ணை நிரப்பினார், திகதிக் கட்டத்தில் மாட்டிக்கொண்டார். கடைசியில் வேறு விடுதியில் பதிந்துவிட்டு, என்ன நடந்தது என்று இவர்களுக்குப் பொறுமையாக ஒரு மின்னஞ்சலும் எழுதினார். விடுதிக்காரர் என்னிடம் கேட்டார்: “கண்ணு தெரியாதவங்க எத்தன பேரு தம்பி நம்ம எடத்துக்கு வரப் போறாங்க?” அந்த மின்னஞ்சலை மறுபடி வாசித்துக் காட்டினேன். போனது ஒருவர் இல்லை. அவருடைய மனைவி, பிள்ளைகள், பெற்றோர், அவர்களுடைய இரவுச் சாப்பாடு, ஒன்பது வளைவுப் பாலத்துக்குப் போகிற முச்சக்கரவண்டி வாடகை எல்லாம் சேர்ந்து போயிருக்கிறது. ஒருவர் நுழைய முடியாத இடத்துக்குள் அவரோடு வந்தவர்களும் நுழைவதில்லை. அது விளங்கியதும் அவரே, “சரி, மாத்திருவோம்” என்றார்.

அவர் கேட்ட ‘எத்தன பேரு’ என்ற கேள்விக்கும் கைநூல் பதில் சொல்ல வேண்டும். உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி 130 கோடிப் பேர், ஆறில் ஒருவர், குறிப்பிடத்தக்க ஏதோவொரு இயலாமையோடு வாழ்கிறார்கள். இலங்கையின் 2012 குடிசன மதிப்பீட்டில் ஐந்து வயதுக்கு மேற்பட்டோரில் 8.7 வீதத்தினர் பார்த்தல், கேட்டல், நடத்தல் போன்றவற்றில் சிரமம் இருப்பதாகச் சொன்னார்கள். அதே மதிப்பீட்டில் 60 வயதைத் தாண்டியவர்கள் 12.4 வீதம். மலைநாட்டுக்கு வருகிற உல்லாசப் பயணிகளில் ஓய்வுபெற்றவர்கள் எத்தனை பேர் என்பதை நானுஓயா ரயில் நிலையத்தில் அரைமணி நேரம் நின்றால் நீங்களே பார்க்கலாம். அணுகல் தேவையுள்ளவர்கள் பயன்படுத்தச் சிரமமான இணையத்தளத்தை விட்டு விலகுவதால் வேறு இடத்துக்குப் போகும் பணம் 17.1 பில்லியன் பவுண் என்று பிரித்தானியாவில் 2019இல் ஓர் ஆய்வு மதிப்பிட்டது. எல்லவுக்கு வருகிறவர்களில் அந்த நாட்டுக்காரர்களும் உண்டு.

தமிழ்ப் பக்கங்களுக்கு மட்டுமே உரிய ஒரு விஷயத்தையும் அத்தியாயத்தில் சேர்க்க விரும்புகிறேன். நம் பகுதியில் இன்னமும் உணவுப் பட்டியலும் விலைப்பட்டியலும் பாமினி எழுத்துருவில் தட்டப்படுகின்றன. கண்ணுக்குத் ‘தமிழ்’ என்று அழகாகத் தெரியும். கணினிக்குள்ளே இருப்பதோ ஆங்கில விசைகள்: ஜே, கே, பி, ஓ, ஓர் அரைப்புள்ளி. திரைவாசிப்பான் அதைத்தான் உளறும். கூகுள் தேடலுக்கும் அதுதான் தெரியும். ‘அப்புத்தளை சைவச் சாப்பாடு’ என்று யாராவது தேடினால் அந்தக் கடை வரவே வராது. ஒருங்குறிக்கு (யூனிகோட்) மாற்றினால் பார்வையற்றவர் வாசிக்கிறார், தேடுகிறவரும் கண்டுபிடிக்கிறார். படமாக எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பும் விலைப்பட்டியலுக்கும் இதே கதைதான். மாற்றுத்திறனாளிக்குச் செய்த வேலை எல்லோருக்கும் உதவுகிறது என்று பொதுவாகச் சொல்வதைவிட, இந்த ஒரு உதாரணத்தைக் கைநூலில் போட்டால் போதும் என்று நினைக்கிறேன்.

‘புழங்கு’ என்ற சொல் எனக்கு அகப்பட்டது ஹட்டன் கடைத்தெருவில். சரிவு நிலம் என்பதால் அங்கே பல கடைகளுக்கு ரோட்டிலிருந்து உயரப் படி. ஒரு பலசரக்குக் கடையில் நாட்டாமிகள் மா மூட்டையைத் தள்ளுவண்டியோடு ஏற்றவென்று படியின் ஒரு பக்கத்தைச் சீமெந்துச் சாய்தளமாகப் பூசியிருக்கிறார்கள். சம்பள நாளில் பாருங்கள், தோட்டத்திலிருந்து வரும் வயதானவர்கள் படியைத் தொடுவதேயில்லை, சாய்தளத்தில்தான் ஏறுகிறார்கள். காலமெல்லாம் மலையேறிக் கொழுந்தெடுத்த முழங்கால்கள் அவை. இடுப்பில் கைக்குழந்தை வைத்திருக்கும் பெண்களும் அதே வழிதான். முதலாளியிடம் கேட்டேன். “இதப் போட்ட பிறகு எல்லாரும் லேசாப் புழங்குறாங்க” என்றார். நாம் மாதக்கணக்காகத் தேடிய வரையறை அந்த வாக்கியத்தில் அடங்கியிருப்பதாக எனக்குப் பட்டது.

புழங்குதல் என்பதில் நுழைவதும் இருக்கிறது, நடமாடுவதும் இருக்கிறது, பயன்படுத்துவதும் இருக்கிறது. கடைக்கும் பொருந்தும், சமையலறைச் சாமானுக்கும் பொருந்தும், கைபேசிச் செயலிக்கும் பொருந்தும். 1990இல் சாம் ஃபார்பர், மூட்டுவாதம் வந்த தன் மனைவி சிரமப்பட்டதைப் பார்த்து, தடித்த ரப்பர் பிடியோடு காய் சீவும் கத்தி முதலான சமையலறைக் கருவிகளை ஒக்ஸோ என்ற பெயரில் விற்பனைக்கு விட்டார். மூட்டுவலி இல்லாதவர்களே அவற்றை அதிகம் வாங்கினார்கள். அதைப் ‘பொதுப்புழங்கு கத்தி’ என்றால் உடனே விளங்குகிறது. ‘உள்ளடக்கிய கத்தி’ என்றால் விளங்குமா?

> ‘புழக்கம்’ என்றால் பணப்புழக்கம் நினைவுக்கு வருகிறதே?

வரட்டும், தம்பி. ஆள் புழங்கினால் பணம் புழங்கும். வியாபார லாபத்தைப் பேசும் அத்தியாயத்துக்கு அந்த நினைவு துணையாகத்தான் இருக்கும்.

இதைவிடக் கனமான மறுப்பை எழுதியவர் தலவாக்கலை அக்கா.

> ‘அவங்க வீட்டில் நாங்கள் புழங்குவதில்லை’ என்று சாதி பார்ப்பவர்கள் பேசக் கேட்டு வளர்ந்தவள் நான். அந்தச் சொல் உங்களுக்கு உறுத்தவில்லையா?

உறுத்துகிறது, அக்கா. உங்கள் மடலுக்குப் பிறகு பல நாள் யோசித்தேன். விலக்கிவைக்கப் பயன்பட்ட வினை என்பதாலேயே அது இங்கே வேண்டும் என்ற முடிவுக்கு வந்திருக்கிறேன். இன்னார் இங்கே புழங்கக் கூடாது என்று வாயால் சொன்னதை, இன்று ஓர் உயரப் படியும் சுட்டி மட்டும் ஏற்கும் நாட்காட்டியும் வாய் திறக்காமலே சொல்கின்றன. 1948 பிரசாவுரிமைச் சட்டத்தால் வெளியே நிறுத்தப்பட்ட மலையகச் சமூகம் நாம். புழங்க விடாமை என்றால் என்ன என்று நம் வாசகர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. முன்னே ‘பொது’ என்று வைத்தால் பொதுவழி, பொதுக்கிணறு என்பவற்றின் உரிமைப் பொருளும் வந்துவிடும். ஆனாலும் அந்தச் சொல்லால் காயப்பட்டவர்களில் நீங்களும் ஒருவர். வேண்டாம் என்று நீங்கள் உறுதியாகச் சொன்னால் என் முன்மொழிவைத் திரும்பப் பெறுகிறேன்.

சட்டத்தை அத்தியாயத்தின் தலையில் வைக்கலாமா என்று ஒருவர் கேட்டிருந்தார். மாற்றுத்திறனாளிகளின் உரிமைகளைப் பாதுகாக்கும் 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டம், 2006 அணுகல் ஒழுங்குவிதிகள், புதிய பொதுக் கட்டடங்கள் அவ்விதிகளுக்கு அமையவேண்டும் என்ற 2011 உயர் நீதிமன்ற உத்தரவு, 2016இல் நாடு உறுதிப்படுத்திய ஐ.நா. சமவாயம் ஆகியவற்றை ஒரே பத்தியில், நடுவில் எங்காவது சொன்னால் போதும். அமெரிக்காவில் டார்கெட் நிறுவனம் தன் இணையத்தளம் பார்வையற்றோருக்கு உதவாததால் வந்த வழக்கில் 2008இல் 60 இலட்சம் டொலருக்கு இணக்கம் கண்டதையும் ஒரு வரியில் சொல்லலாம். பயத்தில் கட்டிய சாய்தளம் பெரும்பாலும் கட்டடத்தின் பின்புறம், குப்பைத்தொட்டிக்குப் பக்கத்தில்தான் இருக்கும். வருமானம் என்று விளங்கிக் கட்டுகிறவர் முன்வாசலில் கட்டுவார்.

கிளைச்சொற்களையும் பார்த்துவிட்டேன். ‘பொதுப்புழங்கு விடுதி’, ‘பொதுப்புழங்குப் படிவம்’, ‘இந்தப் பக்கத்தைப் பொதுப்புழங்காக்க வேண்டும்’ என்றெல்லாம் இடறாமல் வருகின்றன. சேர்த்து எழுதும்போது ‘படிவம்’ முன்னே ஒற்று மிகுமா என்பதில் எனக்கு ஐயம் உண்டு. வினைத்தொகையாகக் கொண்டால் மிகாது. இலக்கணம் படித்தவர்கள் தீர்ப்புச் சொல்லுங்கள். ‘அணுகல்’ என்பதை அப்படியே விட்டுவிடலாம், அது நன்றாக ஊன்றிவிட்டது.

தலவாக்கலை அக்காவின் பதிலுக்காகக் காத்திருக்கிறேன். அவர் சம்மதித்தால் இந்தச் சொல்லோடு அத்தியாயத்தை அச்சுக்கு முந்திய பார்வைக்கு அனுப்பிவிடலாம். திரைவாசிப்பான் பயன்படுத்தும் உறுப்பினர்கள் ‘பொதுப்புழங்கு’ என்பதை உங்கள் கருவி எப்படி உச்சரிக்கிறது என்று ஒருமுறை கேட்டு எழுதுங்கள். ஒலி சிதைந்தால் இடைவெளி விட்டுப் ‘பொதுப் புழங்கு’ என்று பிரித்தே அச்சிடுவோம்.

அன்புடன்,
பண்டாரவளையிலிருந்து