மறதி நோய் வந்த அப்பாவின் வைப்புத்தொகை: பழைய பவர் பத்திரம் செல்லுமா?

கேள்வி – குடந்தைவாசி

அனைவருக்கும் வணக்கம். என் தந்தை ஓய்வு பெற்ற பள்ளி ஆசிரியர், வயது 76. 2021-ஆம் ஆண்டு, நல்ல நினைவோடு இருந்தபோது, வீடு, வங்கிக் கணக்கு அனைத்தையும் நான் கவனித்துக்கொள்ளும்படி என் பெயருக்குப் பொது அதிகாரப் பத்திரம் எழுதிப் பதிவு செய்து கொடுத்தார். இரண்டு ஆண்டுகளாக மறதி நோய் முற்றி, இப்போது என்னையே தம் தங்கை என்று நினைத்து அழைக்கிறார். உடனிருந்து பார்த்துக்கொள்பவருக்கு மட்டும் மாதம் 18,000 ரூபாய் ஆகிறது. அவர் தனிப்பெயரில் போட்டுள்ள வைப்புத்தொகை முதிர்ந்துவிட்டதால் அவரையும் அழைத்துக்கொண்டு வங்கிக்குச் சென்றோம். படிவத்தை நீட்டிக் கையெழுத்திடச் சொன்னபோது, விடைத்தாள் திருத்துவதைப் போல ஓரத்தில் ஒரு சரிக்குறி போட்டு, கீழே 7 என்று மதிப்பெண்ணும் எழுதினார். அதைப் பார்த்த மேலாளர் மரியாதையாகவே பேசினார். ஆனால் இனி என் பவர் பத்திரம் செல்லாது என்று சொல்லிவிட்டார். பதிவு செய்த பத்திரம் எப்படிச் செல்லாமல் போகும்? என் அம்மாதான் நாமினி. அதை வைத்துப் பணத்தைப் பெற முடியாதா? வெளிநாட்டில் இருக்கும் தம்பியோ, அப்பாவின் கைநாட்டை வாங்கி வீட்டை அம்மா பெயருக்கு செட்டில்மெண்ட் செய்துவிடலாம் என்கிறான்.

பதில் – ஓய்வுபெற்ற வங்கியாளர்

அம்மா, மேலாளர் சொன்னது சரி. 1872-ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 201-ஆம் பிரிவின்படி, அதிகாரம் கொடுத்தவர் இறந்தாலும் சித்த சுவாதீனம் இழந்தாலும் முகமை, அதாவது அவர் சார்பில் செயல்படும் அதிகாரம், முடிந்துவிடுகிறது. பத்திரம் பதிவானது என்பதால் இது மாறாது. இங்கிலாந்தில் இருப்பதைப் போல, நினைவு தவறிய பிறகும் நீடிக்கும் அதிகாரப் பத்திரம் நம் நாட்டுச் சட்டத்தில் இல்லை. தேவைப்படும் நேரத்தில் கைகொடுக்காத பத்திரத்தை எழுதி வைத்து என்ன பயன் என்று எத்தனையோ பிள்ளைகள் என் மேசைக்கு எதிரே அமர்ந்து கேட்டிருக்கிறார்கள்; என்னிடம் பதில் இருந்ததில்லை. இதே சட்டத்தின் 209-ஆம் பிரிவு, இந்நிலையில் அவருடைய நலன் கெடாமல் பாதுகாக்கும் பொறுப்பை உங்கள்மேல் வைக்கிறது. பாதுகாக்கலாம், ஆனால் அந்தப் பத்திரத்தைக் காட்டிப் புதிதாக எதையும் விற்கவோ எடுக்கவோ கூடாது.

நாமினியின் உரிமை கணக்குதாரர் இறந்த பிறகே தொடங்கும். "இருவரில் ஒருவர் அல்லது உயிருடன் இருப்பவர்" என்ற முறையில் கூட்டுக் கணக்கு ஏதேனும் இருந்தால் அதை அம்மா தொடர்ந்து இயக்கலாம். முதலில் அதைத் தேடிப் பாருங்கள். இரண்டு சாட்சிகள் முன்னிலையில் கைநாட்டு, கால் பெருவிரல் ரேகை வரை ஏற்கும் ரிசர்வ் வங்கி நடைமுறை இருக்கிறது. ஆனால் அது உடல் ஒத்துழைக்காதவருக்கானது. எதற்காகக் கை வைக்கிறோம் என்று அறியாதவரின் ரேகையால் ஒரு பயனும் இல்லை.

பதில் – மதுரை வழக்குரைஞர்

தம்பி சொல்லும் வழியில் தயவுசெய்து போகாதீர்கள். சித்த சுவாதீனம் இல்லாதவர் எழுதிக் கொடுக்கும் பத்திரத்துக்குச் சட்டத்தின் முன் மதிப்பில்லை. அவ்வாறு தோன்றினால் பதிவை மறுக்கும் கடமை, 1908-ஆம் ஆண்டு பதிவுச் சட்டத்தின் 35-ஆம் பிரிவின்படி, சார்பதிவாளருக்கே உண்டு. நாளை அந்த வீட்டை விற்க நினைத்தால் முதலில் இடறுவது அந்தப் பத்திரமாகத்தான் இருக்கும்.

1987-ஆம் ஆண்டு மனநலச் சட்டத்தில், இத்தகையவரின் சொத்தை நிர்வகிக்க மாவட்ட நீதிமன்றம் ஆள் நியமிக்க இடம் இருந்தது. அதை நீக்கிவிட்டு வந்த 2017-ஆம் ஆண்டுச் சட்டம் சிகிச்சைக்கான பிரதிநிதியைப் பற்றிப் பேசுகிறதே தவிர, சொத்தைப் பற்றிப் பேசவில்லை. 1890-ஆம் ஆண்டுக் காப்பாளர் சட்டம் சிறார்களுக்கு உரியது. மாவட்ட ஆட்சியரை உள்ளடக்கிய குழு காப்பாளரை நியமிக்கும் 1999-ஆம் ஆண்டு தேசிய அறக்கட்டளைச் சட்டம், ஆட்டிசம், மூளை முடக்குவாதம், அறிவுசார் குறைபாடு, பல்வகைக் குறைபாடு ஆகியவற்றுக்கு மட்டுமே. முதுமையில் வரும் மறதி நோய் இவை எதிலும் அடங்குவதில்லை.

எனவே அரசமைப்பின் 226-ஆம் பிரிவின் கீழ் உயர் நீதிமன்றத்தை அணுகுவதே வழி. உணர்விழந்து கிடப்பவர்களுக்காகக் கேரள உயர் நீதிமன்றம் 2019-இல் நெறிமுறைகளை வகுத்தது. கோமாவில் இருந்த கணவரின் சொத்தை விற்கவும் நிர்வகிக்கவும் மனைவியைக் காப்பாளராக நியமித்து, சென்னை உயர் நீதிமன்றத்தின் இரு நீதிபதிகள் அமர்வு 2024 மே மாதம் உத்தரவிட்டது. விற்ற பணத்தில் 50 லட்சம் ரூபாயைக் கணவர் பெயரிலேயே வைப்பில் வைக்கவேண்டும் என்று நிபந்தனையும் விதித்தது. உங்கள் தந்தைக்குக் கோமா இல்லை; ஆகவே அவரால் முடிவெடுக்க இயலாது என்பதை மருத்துவச் சான்றுகளால் நிலைநாட்டுவதே உங்கள் மனுவின் உயிர்நாடி. தஞ்சாவூர் மாவட்டம் மதுரைக் கிளையின் எல்லைக்குள் வருகிறது. தம்பி தமக்கு ஆட்சேபம் இல்லை என்று, அங்குள்ள இந்தியத் தூதரகத்தின் சான்றொப்பத்துடன் பிரமாணப் பத்திரம் அனுப்பட்டும்.

பதில் – அனுபவஸ்தன்

என் மாமனாருக்காக இதே வழியில் சென்றேன். நீதிமன்றத்துக்கு அறிக்கை தருவதற்காக விசாரிக்க வந்த வருவாய்த்துறை அலுவலரைத் தம் பழைய நண்பர் என்று எண்ணி, அவருக்குக் காபி கொடுக்கச் சொல்லி மாமனார் வற்புறுத்தினார். அலுவலர் அதையும் அறிக்கையில் எழுதிக்கொண்டார்.

ஒரு தவற்றை மட்டும் நீங்கள் செய்யாதீர்கள். எங்கள் மனுவில் ஒரு வைப்புத்தொகையின் எண் விடுபட்டுவிட்டது; உத்தரவில் அந்த எண் இல்லை என்று வங்கி மறுத்ததால், திருத்தத்துக்காக மீண்டும் நீதிமன்றம் செல்ல நேர்ந்தது. பாஸ்புக், வைப்புச் சீட்டு, ஓய்வூதியக் கணக்கு, லாக்கர் என ஒன்று விடாமல் எண்ணோடு எழுதுங்கள். அவர் பணத்தில் வாங்கும் மருந்துக்கும் ரசீது வையுங்கள். கணக்குக் கேட்டால் காட்டவேண்டும்.

குடந்தைவாசி

மூவருக்கும் நன்றி. பவர் பத்திரத்தை இனி எங்கும் நீட்டமாட்டேன். அம்மாவுக்கு வயது 70. மதுரைக்கும் வங்கிக்கும் அலைய அவரால் இயலாது. மனைவி இருக்கும்போது மகள் காப்பாளராக முடியுமா?

மதுரை வழக்குரைஞர்

முடியும். அம்மாவும் சம்மதப் பிரமாணப் பத்திரம் தரவேண்டும். மனுவில் அவரையும் தம்பியையும் எதிர்மனுதாரர்களாகச் சேர்த்துவிடுங்கள். பெயரைப் பார்த்து அவர்கள் பதற வேண்டாம் என்று முன்கூட்டியே சொல்லிவையுங்கள்.