அண்டர்சாம்ப்ளிங்: 'விட்டெடுப்பு' எனலாமா?

> 'குறைமாதிரியெடுப்பு' என்றே வைத்துக்கொள்வோம். பொருள் நேராக வருகிறது.

ஐயா, வணக்கம். எம்ஆர்ஐ ஸ்கேனில் நேரத்தை மிச்சப்படுத்த, எடுக்க வேண்டிய தரவில் ஒரு பகுதியை வேண்டுமென்றே விட்டுவிட்டு எடுப்பதுதான் அண்டர்சாம்ப்ளிங். அதற்குத் தமிழில் என்ன சொல் வைப்பது என்பதுதானே நம் பேச்சு.

பொருள் வருகிறது, சரி. ஆனால் சென்னையில் எந்த ஸ்கேன் சென்டருக்குப் போனாலும் 'மாதிரி' என்றால் ரத்தம், சிறுநீர், சளிதான். அதற்கு முன்னால் 'குறை' வேறு. எம்ஆர்ஐ அறையில் பதினோரு வருடமாக வேலை பார்க்கிறேன். "அப்பாவுக்குக் குறைமாதிரி எடுத்தோம்" என்று ஒரு மகளிடம் சொல்ல எனக்கு வாய் வராது.

போன வாரம் கைநடுக்கம் உள்ள பெரியவர் ஒருவர் வந்தார். தலை ஹெட் காயிலுக்குள் (சமிக்ஞை வாங்கும் கூண்டு), காதில் அடைப்பான், கையில் எங்களைக் கூப்பிட அழுத்தும் ரப்பர் பந்து. இருபதாவது நிமிடம் பந்தை அழுத்திவிட்டார். "இன்னும் எவ்வளவு நேரம்மா?" வழக்கமான படங்கள் முடிந்துவிட்டன, டி1 அளவுப்படம்தான் பாக்கி. ரேடியோ துடிப்பு கொடுத்தபின் திசு பழைய நிலைக்குத் திரும்ப எடுக்கும் நேரத்தை அளப்பது அது; அந்த நேரம்தான் டி1. 3 டெஸ்லா காந்தத்தில் மூளையின் வெண்பொருளுக்கு டி1 ஒரு விநாடிக்குச் சற்றுக் குறைவு, மூளைத் தண்டுவடத் திரவத்துக்கு நான்கு விநாடி அளவில். எம்ஆர்ஐ தரவை வரி வரியாகத்தான் எடுக்கிறோம்; ஒவ்வொரு வரிக்கும் இப்படிக் காத்திருந்தால் எந்தப் பெரியவரால் அசையாமல் படுத்திருக்க முடியும்?

அதனால்தான் வரிகளை விட்டு விட்டு எடுக்கிறோம். ஒன்று விட்டு ஒன்று எடுத்தால் நேரம் பாதி. ஆனால் படம் மடிந்து, பின்மண்டை படத்தின் நடுப்பகுதிமேல் ஏறிக்கொள்ளும். பல காயில்கள் தலையை வெவ்வேறு விதமாகப் பார்ப்பதைக் கொண்டு அந்த மடிப்பைப் பிரித்தது 1999-இல் வந்த சென்ஸ் முறை. ஒழுங்கின்றி விட்டால் மடிப்பு இரைச்சலாகச் சிதறும், கணக்குப் போட்டு நீக்கலாம் என்று 2007-இல் லஸ்டிக் குழு காட்டியது. 2013-இல் வந்த எம்ஆர் ஃபிங்கர்பிரிண்டிங் முறை, மிக அதிகமாக விட்டு எடுத்து, சமிக்ஞையின் போக்கை முன்பே கணித்து வைத்த போக்குகளின் பட்டியலோடு ('அகராதி') பொருத்துகிறது.

கண்ணால் பார்க்கும் படத்தில் லேசான சுவடு மிஞ்சினால் டாக்டர் அதைத் தள்ளிவிட்டுப் படித்துவிடுவார். டி1 அளவுப்படம் போன்ற அளவறி (குவான்டிடேட்டிவ்) எம்ஆர்ஐ அப்படியில்லை, அதில் ஒவ்வொரு புள்ளியும் ஓர் எண். அந்தச் சுவடு 850 மில்லிவிநாடியை 900 ஆக்கினால், போன வருட எண்ணோடு ஒப்பிடும்போது நோய் கூடியதுபோல் தெரியும். (பிளஸ் டூ வேதியியலில் பண்பறி, பருமனறி என்று படித்தோமே, அந்த வழியில்தான் 'அளவறி'.) எதை விடுகிறோம், எப்படி விடுகிறோம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. சொல்லிலும் அது தெரியட்டும்: விட்டெடுப்பு.

'ஒரு நாள் விட்டு ஒரு நாள் மாத்திரை', 'ஒன்றுவிட்ட அண்ணன்' என்று இந்தக் கணக்கு ஏற்கெனவே நம் பேச்சில் இருக்கிறது. வினையாக 'விட்டெடு' வரும். நான்மடி விட்டெடுப்பு, சீர் விட்டெடுப்பு, சிதறு விட்டெடுப்பு என்று கிளைக்கவும் செய்யும்.

---

> தரவு தொலைந்துபோனதுபோல் கேட்கிறதே அம்மா?

இல்லை ஐயா. தொலைந்தால் 'விடுபட்டது' என்போம். பெரியவர் தலையை அசைத்ததால் கெட்டுப்போன வரி விடுபட்டது. நாமாக ஒதுக்கியது விட்டது. இந்த இரண்டையும் 'குறை' என்ற சொல் ஒன்றாக்கிவிடுகிறது என்பதே என் கவலை.

மடிப்புக்கு, அதாவது ஏலியாசிங்குக்கு, 'மடிவு' போதுமா, 'மேல்மடிவு' வேண்டுமா? அதில் நான் இன்னும் முடிவுக்கு வரவில்லை. இயற்பியல் நண்பர்கள் சொல்லுங்கள்.